வடகிழக்கு மூலைக் கல்

முதல் அடி என்னுடையது. அதை மறைத்துவிட்டு மற்றதை எழுதினால் எல்லாமே பொய்யாகிவிடும், அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சோறும் சாம்பாரும் நிறைந்த மூன்றடுக்கு டிபன் கேரியரைப் பிடியோடு சுழற்றி என் கூடப்பிறந்த தம்பியின் நெற்றியில் அடித்தேன். புருவத்துக்கு மேலே தோல் பிளந்தது. அவன் முகத்தில் வழிந்ததில் எது சாம்பார், எது ரத்தம் என்று எனக்கே தெரியவில்லை. அதற்குப் பிறகு பறந்த கற்களைப் பற்றியும் ஜாக்கி லிவர்களைப் பற்றியும் போலீஸ் தடியைப் பற்றியும் எங்கள் பக்கத்தில் ஆளுக்கு ஒரு கதை சொல்வார்கள். ஆரம்பித்து வைத்தது யார் என்பதில் மட்டும் எல்லோரும் ஒரே கதைதான் சொல்வார்கள். அது உண்மை.

எல்லாம் ஒரு பள்ளிக்கூடத்துக்காக நடந்தது. கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டைக்குப் பின்பக்கம் எங்கள் குடியிருப்பு. மூன்று பக்கமும் கம்பெனி மதில், நாலாவது பக்கம் ஏரிக்கால்வாய். கம்பி உருக்கும் கம்பெனியில் என் கணவருக்கு வேலை, சோப்புக் கம்பெனி பேக்கிங்கில் எனக்கு. இங்கே இருக்கிற அரசுப் பள்ளி எட்டாம் வகுப்போடு முடிந்துவிடும். ஒன்பதாவது படிக்க வேண்டுமென்றால் ஜி.என்.டி. ரோட்டைத் தாண்டிப் போக வேண்டும். ஆந்திரா பக்கமிருந்து வருகிற டிரெய்லர்காரர்கள் அங்கே ஒரு சிக்னல் இருப்பதையே ஒப்புக்கொள்வதில்லை.

என் மகள் ஏழாவது படித்துக்கொண்டிருந்த வருஷம், எங்கள் தெருப் பெண் ஒருத்தி ஒன்பதாவதில் சேர்ந்த இரண்டாம் வாரமே அந்த ரோட்டில் போய்விட்டாள். டிரெய்லரின் பின் சக்கரம் புத்தகப் பையோடு சேர்த்து இழுத்தது. நான் எதிர்ப்பக்கம் கம்பெனி பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தேன். அவளுடைய ஜியாமெட்ரி பாக்ஸ் திறந்து ஸ்கேலும் காம்பஸும் ரோடு முழுக்கச் சிதறிக் கிடந்தன. ஒரு டிராபிக் போலீஸ்காரர் குனிந்து குனிந்து அவற்றையெல்லாம் பொறுக்கினார். பிள்ளையைப் பொறுக்க வேண்டியிருந்ததை நான் எழுதப்போவதில்லை. லாரி டிரைவரை இறக்கி அடித்த கூட்டத்தில் நானும் இருந்தேன். என் கையில் செருப்பு இருந்தது.

அந்த வருஷம் எட்டாவது முடித்த பெண்கள் ஒருத்தி விடாமல் வீட்டில் உட்கார்ந்தார்கள். இன்னும் நாலு வருஷத்தில் எல்லோரும் நம் லைனுக்குத்தான் வருவார்கள் என்று எங்கள் சூப்பர்வைசர் வெளிப்படையாகவே சந்தோஷப்பட்டான். என் மகள் கணக்கில் என்னையே மடக்குகிறவள். அவள் எட்டாவது முடிப்பதற்குள் இங்கேயே ஒன்பதாவது வந்தாக வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான். ஊருக்கு நல்லது செய்யக் கிளம்பியவள் என்று யாரும் என்னைப் பற்றி நினைத்துக்கொள்ள வேண்டாம்.

பள்ளி மேலாண்மைக் குழுவுக்கு ஒரு பிள்ளையின் பெற்றோர்தான் தலைமை வகிக்க வேண்டும் என்பது விதி. தலைமையாசிரியை என்னைப் பிடித்துப் போட்டார். நான் கடம்பத்தூரில் பிளஸ் டூ முடித்தவள் என்பது ஒரு காரணம். இன்னொரு காரணத்தை அவரே சொன்னார்: "உங்களுக்கு மூக்கு மேல கோவம் வருதும்மா. ஆபீசுக்கு ஆபீசு அலையறதுக்கு அது வேணும்."

அலைந்தோம். திருவள்ளூரில் ஒரு அலுவலகத்தில் பெரிய வரைபடத்தை விரித்துக் காட்டினார்கள். வயல் பச்சை, வீடு மஞ்சள், தொழிற்சாலை ஊதா. ஊதாவுக்கு நடுவில் எங்கள் குடியிருப்பு ஒரு மஞ்சள் பொட்டு. கால்வாயை ஒட்டி இரண்டு ஏக்கர் சொச்சம் புறம்போக்கு இருந்தது. அதுவும் ஊதாவில்தான் இருந்தது. அதைத் தொழில் பகுதியிலிருந்து பிரித்துப் பள்ளிக்கு என்று மாற்ற வேண்டும், ஆட்சேபணை கேட்டு நோட்டீஸ் ஒட்ட வேண்டும், அளந்து கல் நட வேண்டும், அப்புறம்தான் உயர்நிலைப் பள்ளிக் கட்டடம். மார்ச் முடிவதற்குள் மண்ணில் வேலை தொடங்காவிட்டால் கட்டடம் வேறு ஊருக்குப் போய்விடும் என்று சொல்லி வரைபடத்தைச் சுருட்டினார்கள்.

அந்தப் புறம்போக்கு சும்மா கிடக்கவில்லை. பக்கத்து லாரி யார்டுக்காரர்கள் பல வருஷமாக அங்கே டிரெய்லர்களை நிறுத்தி வந்தார்கள். அந்த யார்டில்தான் என் தம்பி டிரைவர். கடம்பத்தூரில் வேலையில்லாமல் சுற்றிக்கொண்டிருந்தவனை நான்தான் கூட்டிவந்து அங்கே சேர்த்தேன். என் மகள் பெரியவளானபோது தாய்மாமனாகப் பட்டுப்பாவாடையும் தோடும் வாங்கிச் சீர் வைத்தவன் அவன். டிரிப் முடித்து வருகிற ஒவ்வொரு தடவையும் அவளுக்கு ஒரு பேனாவாவது வாங்காமல் வரமாட்டான்.

சர்வேயர் வந்தார், சங்கிலி போட்டு அளந்தார், நாலு மூலைக்கும் நாலு கல் நட்டுவிட்டுப் போனார். மறுநாள் பார்த்தால் மூன்று கல் இல்லை. ஒன்று மட்டும் வடகிழக்கு மூலையில் வேலிகாத்தான் புதருக்குள் தப்பித்துக் கிடந்தது. யார்டு மேஸ்திரி, தடா பக்கத்து ஆள், வாயில் பாக்கை ஒதுக்கிக்கொண்டு சிரித்தான். "வண்டி ரிவர்ஸ் எடுக்கசொல்ல கல்லு இன்னா கண்ணுக்கா தெரியும்? நான் இன்னா பண்றது சொல்லுமா?" இரண்டாம் தடவை வந்து நட்ட கற்களும் அதே மாதிரி போயின. சர்வேயர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "இனிமே நான் வர்றதா இல்லம்மா. ஒரு கல்லாவது நின்னாத்தான் அதுலேர்ந்து மத்ததப் புடிக்க முடியும். அதுவும் போச்சுன்னா எடமே இல்லன்னு எழுதிட்டுப் போயிடுவாங்க."

நட்டநடுப்பகலில், டிரைவர்கள் எல்லாம் சாப்பிடப் போயிருந்த நேரத்தில் நான் அந்த வேலையைச் செய்தேன். ரேஷன் கடைக்கு எதிரில் வாங்கிய மஞ்சள்தூள் பாக்கெட்டை என் மகள் கிண்ணத்தில் கரைத்துத் தந்தாள். புதரைக் கொஞ்சம் வெட்டிவிட்டு, கல்லைக் கழுவி, உளியால் கொத்திய சர்வே குறி மறையும்படி மஞ்சளை அப்பினேன். நடுவில் குங்குமம் வைத்தேன். பழைய ரவிக்கையின் சிவப்பு ஓரத்தைக் கிழித்துச் சுற்றினேன். எதிரே ஒரு எலுமிச்சம்பழத்தை அறுத்து வைத்தேன்.

"பொய் சாமிதானேம்மா இது?" என்று கேட்டாள் மகள்.

"சாமில பொய்யி இன்னா மெய்யி இன்னா. கல்லு நிக்கணும், அவ்ளோதான். வாய மூடிக்கினு வா."

கல் நின்றது. எந்த டிரைவரும் மஞ்சள் பூசின கல்லின் மேல் வண்டியை ஏற்றமாட்டான், அது எனக்குத் தெரியும். தெரியாமல் போனது அதற்கப்புறம் என்ன ஆகும் என்பது. ஒரு மாதத்துக்குள் டிரிப் எடுக்கிறவர்கள் அங்கே கற்பூரம் ஏற்றிவிட்டுத்தான் கிளம்பினார்கள். சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். யார்டம்மா என்று ஒருவன் பெயர் வைத்தான், அதுவே நிலைத்தது. சூளூர்ப்பேட்டைக்கு அந்தப் பக்கம் பிரேக் பிடிக்காமல் என் தம்பியின் வண்டி பாலத்தின் கைப்பிடிச் சுவர் மேல் ஏறி, முன் சக்கரம் அந்தரத்தில் தொங்க நின்றுவிட்டது. கிளீனர் வெளியே தெறித்து விழுந்து செத்தான். தம்பிக்கு ஒரு கீறல் இல்லை. அன்று காலையில் அவன் யார்டம்மாவுக்குச் சூடம் ஏற்றியிருந்தான். திரும்பி வந்ததும் தன் சொந்தக் காசில் கல்லைச் சுற்றி டைல்ஸ் மேடை கட்டினான், மேலே தகரக் கூரை போட்டான், சூலம் ஊன்றினான். என்னிடம் வந்து, "யக்கா, அவதான் என்ன இஸ்த்துக்கினு வந்தா. சத்தியமா சொல்றேன், என் தோள்ல ஒரு கை இருந்திச்சு" என்று அழுதான். அப்போதே சொல்லியிருக்க வேண்டும். செத்துப் பிழைத்து வந்தவனிடம் எப்படிச் சொல்வது என்று விட்டுவிட்டேன். என் தலையில் நானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டது அன்றைக்குத்தான்.

எங்கள் பக்கத்துத் தாய்மார்களும் போக ஆரம்பித்தார்கள். பள்ளிக்கூடம் வர வேண்டும் என்று யார்டம்மாவிடமே வேண்டிக்கொண்டார்கள். ரோட்டில் மகளைப் பறிகொடுத்தவளும் வெள்ளிக்கிழமை தவறாமல் விளக்கு வைத்தாள். நான் தூரத்தில் நின்று கும்பிடுகிற மாதிரி கையை மட்டும் தூக்குவேன்.

ஆட்சேபணை நோட்டீஸ் ஒட்டியதும் மேஸ்திரி ஒரு மனு போட்டான். மேற்படி இடத்தில் மூன்று தலைமுறையாக அம்மன் வழிபாடு நடந்து வருவதாகவும், பள்ளிக்கூடம் கட்டினால் பொதுமக்கள் மனம் புண்படும் என்றும் எழுதியிருந்தது. கீழே நிறையக் கைநாட்டும் கையெழுத்தும். அதில் என் தம்பி கையெழுத்தும் இருந்தது. அதைப் படித்துவிட்டு அலுவலகத்திலேயே சத்தம் போட்டுச் சிரித்தேன். என் மஞ்சளுக்கு ஐந்து மாச வயசு. நல்ல வேளையாக மேலே இருந்த ஓர் அதிகாரி, கோயில் மூலையை மட்டும் விட்டுவிட்டு மீதி இடத்தில் கட்டலாம் என்று உத்தரவு போட்டார். மார்ச் மாதம் பிறந்த பிறகுதான் ஜே.சி.பி. வந்தது.

அன்று நான் பொது ஷிப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். கேரியரோடு நேராக இடத்துக்கே ஓடினேன். தாய்மார்கள் ஒரு பக்கம், யார்டு ஆட்கள் ஒரு பக்கம். ஜே.சி.பி.யின் வாளிக்கு நேராக என் தம்பி தரையில் மல்லாந்து படுத்திருந்தான். நான் போய் அவன் தலைமாட்டில் நின்றேன்.

"எந்திரிடா."

"எந்திரிக்க மாட்டேங்க்கா. பின்னாடி கக்கூசு கட்டுவாங்க, பசங்க ஓடும் ஆடும். சாமி எடத்துல அதெல்லாம் ஆவாது."

"டேய், உனுக்கு ஒண்ணு சொல்றேன் கேளு. அது நான் பூசுன மஞ்சள்டா. சர்வே கல்லுடா அது."

அவன் எழுந்து உட்கார்ந்தான். கோபப்படவில்லை. என்னைப் பார்த்துப் பரிதாபப்பட்டான். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. "பொண்ணு படிப்புக்காக இன்னா வோணாலும் சொல்லுவியாக்கா நீ? பொட்டப்புள்ளைக்கு எட்டாவது போதும். சீர் செஞ்ச மாமன் நான் சொல்றேன், ஊட்ல உக்கார வை. மீதிய நான் பாத்துக்குறேன்."

அப்போதுதான் அடித்தேன். மாமன் என்ற உரிமையில் என் மகளை வீட்டில் உட்கார வைக்கச் சொன்ன அந்த வாயைத்தான் அடிக்க நினைத்தேன். கேரியர் நெற்றியில் பட்டது.

அவன் விழுந்ததும் யார்டுப் பக்கமிருந்து முதல் கல் வந்தது. ஜே.சி.பி. கண்ணாடி உடைந்து ஓட்டுநர் எகிறிக் குதித்து ஓடினான். ஆம்பளைகள் லாரிகளிலிருந்து ஜாக்கி லிவர்களை உருவிக்கொண்டு வந்தார்கள். ஷிப்டு முடிந்து சைக்கிளில் வந்துகொண்டிருந்த என் கணவர் என்ன ஏது என்று தெரியாமல் நடுவில் புகுந்தார். அவர் தோளில் லிவர் இறங்கிய சத்தம் எனக்குக் கேட்டது. காய்ந்த விறகை முறிக்கிற சத்தம். தலைமையாசிரியையின் கொண்டையைப் பிடித்து ஒருவன் சுற்றினான். மகளைப் பறிகொடுத்தவள் அவன் முன்கையைக் கடித்தாள். கடித்த கடியை விடவில்லை. இரண்டு பேர் அவள் வாயைப் பிளந்துதான் கையை எடுத்தார்கள். எடுத்த பிறகு அவள் துப்பினாள். எங்கள் பக்கத்தில் ஒருத்தி செங்கல்லால் ஒருவனை முதுகில் அடித்துக்கொண்டே இருந்தாள், அவன் கீழே விழுந்த பிறகும். நான் அவளைத் தடுக்கவில்லை. அடிக்கட்டும் என்றுதான் இருந்தது. அந்த நேரத்தில் எனக்குள் இருந்தது ஆத்திரம் மட்டுமில்லை, ஒரு மாதிரி சந்தோஷமும்தான். இத்தனை மாதம் ஆபீஸ் படிகளில் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றதற்கெல்லாம் சேர்த்து அந்தச் சந்தோஷம்.

பிறகு எனக்கு ஒன்று தோன்றியது. மஞ்சளைக் கழுவினால் அடியில் குறி தெரியும். குறி தெரிந்தால் எல்லாம் நின்றுவிடும். யாருடையதோ தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு மேடைக்கு ஓடினேன். கல்லின் மேல் கவிழ்த்துவிட்டு உள்ளங்கையால் தேய்த்தேன். மாதக்கணக்கில் ஒருவர் மாற்றி ஒருவராக அப்பிய மஞ்சள், அடை அடையாக ஏறியிருந்தது, எளிதில் வரவில்லை. நகத்தால் சுரண்டினேன். "ஐயோ, சாமி மேல கை வெச்சிட்டாளே!" என்று ஒரு குரல் கேட்டது. அது எங்கள் பக்கத்துப் பெண் குரல். நிமிர்ந்து பார்த்தேன். எங்கள் தாய்மார்களே வாயில் கை வைத்துக்கொண்டு நின்றார்கள். அடுத்த நொடி ஒரு லிவர் என் வலது கையின் மேல், கல்லோடு சேர்த்து இறங்கியது. யார் அடித்தது என்று இன்றுவரை தெரியாது. சுண்டுவிரலும் மோதிரவிரலும் அன்றிலிருந்து மடங்குவதில்லை.

போலீஸ் வந்து ஊர் வேறு யார்டு வேறு என்று பார்க்காமல் எல்லோரையும் அடித்தது. அரசு மருத்துவமனையில் பெண்கள் வார்டில் நான், ஆண்கள் வார்டில் என் கணவரும் தம்பியும் அடுத்தடுத்த கட்டிலில். என் மகள் ஒரே பிளாஸ்க்கில் கஞ்சி கொண்டுவந்து மூன்று பேருக்கும் ஊற்றினாள். இரண்டு தரப்பு மேலும் வழக்குப் போட்டார்கள். வேலையை நிறுத்தி வைத்தார்கள்.

மார்ச் முடிய ஒரு வாரம் இருந்தபோது வட்டாட்சியர் சமாதானக் கூட்டம் போட்டார். ஆபீசில் வேண்டாம், இடத்திலேயே பேசி முடிக்கலாம் என்று தகரக் கூரைக்கு எதிரில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். சுற்றிலும் போலீஸ். அவர்களுக்குப் பின்னால் இரண்டு கூட்டமும் நின்றன. நான் கட்டுப் போட்ட கையோடு எழுந்து எல்லாவற்றையும் சொன்னேன். பாக்கெட் மஞ்சள், ரவிக்கை ஓரம், எலுமிச்சம்பழம், எதையும் விடவில்லை.

"கழுவிப் பாருங்க சார். உங்க ஆபீசு குறியே இருக்கும்."

வட்டாட்சியர் கல்லைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார். "அதுல கை வைக்கச் சொல்லாதீங்கம்மா. இன்னொரு கலவரத்தை என்னால தாங்க முடியாது." சர்வேயரைக் கேட்டார். அவர் என் முகத்தைப் பார்க்கவே இல்லை. நட்ட கல் எதுவும் இடத்தில் இல்லை என்று அவர் எப்போதோ எழுதிக்கொடுத்துவிட்டாராம். மறுபடி மறுபடி வந்து நட வேண்டாம் என்பதற்காக அப்படி எழுதினார் என்பது எனக்குப் புரிந்தது. கூட்டத்தில் கூச்சல் கிளம்பியது. பொய்க்காரி, நாக்கு அழுகிவிடும் என்று கத்தினார்கள்.

என் தம்பி கையைத் தூக்கினான். புருவத்தில் தையல் இன்னும் பிரிக்கவில்லை. "அல்லாரும் கொஞ்சம் சும்மா இருங்க. யக்கா சொல்றத நான் நம்பல. ஆனா கரைச்சிக் குடுத்தது பாப்பான்னு சொல்லுது. பாப்பா பொய் சொல்லாது. சாமி முன்னாடி நின்னு அது சொல்லட்டும். மஞ்சள் அவங்கதான் பூசுனாங்கன்னு அது வாயால சொன்னா, நானே கடப்பாரை எடுத்தாந்து கல்ல பேத்துக் குடுக்கிறேன். எவன் தடுக்கிறான்னு பாக்கலாம்."

மேஸ்திரி எதிர்பார்க்கவில்லை. வட்டாட்சியர் நிம்மதியாகத் தலையாட்டினார். எனக்குச் சந்தோஷம்தான். என் மகளின் படிப்பு என் மகளின் வாயிலேயே வந்து நின்றது. அவள் சொன்னால் போதும், ஜூன் மாதம் இதே இடத்தில் கீற்றுக் கொட்டகையிலாவது ஒன்பதாவது ஆரம்பித்துவிடும்.

அவள் செருப்பைக் கழற்றிவிட்டு மேடைக்கு முன்னால் போய் நின்றாள். கல்லைப் பார்த்தாள். மாமனின் தையலைப் பார்த்தாள். என் கட்டைப் பார்த்தாள். எனக்குப் பின்னால் எதையோ கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"எனக்குத் தெரிஞ்சி சாமி முன்னாடியே இருந்துச்சு மாமா. அம்மா சும்மா சொல்றாங்க."

எல்லாம் அங்கேயே முடிந்தது. தாய்மார்களில் பாதிப் பேர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். பழைய வழிபாட்டு இடம், இங்கே பள்ளிக்கூடம் வேண்டாம் என்று வட்டாட்சியர் எழுதி, கையெழுத்துப் போட்டு எழுந்தார். நான் மகளை இடது கையால் இழுத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன். வீட்டுக்குள் போனதும் அறைந்தேன். இடது கை, அதனால் குறி தவறி அவள் காதில் பட்டது. மறுபடி அறைந்தேன். சுவரில் போய் விழுந்தாள். உதட்டில் ரத்தம் வந்தது.

"யாருக்காகடி நான் விரல ஒடச்சிக்கினேன்? சொல்லு! யாருக்காக?"

அவள் அழவில்லை. சுவரில் சாய்ந்தபடியே பேசினாள். "நான் ஆமான்னு சொல்லியிருந்தா உன்ன அங்கியே கொன்னுருப்பாங்கம்மா. உனுக்குப் பின்னாடி ஒருத்தன் கையில டீசல் கேன் இருந்திச்சு. மூடியத் தெறந்து வெச்சிக்கினு நின்னான். நீ பாக்கல. நான் பாத்தேன். மஞ்சள் கரைச்சது நான்னு எனக்குத் தெரியாதா? நீ செத்துட்டா எனுக்கு எதுக்கும்மா ஒன்பதாவது?"

ஓங்கிய கையை என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. வாசலில் ஆள் அரவம் கேட்டுத் திரும்பினேன். என் தம்பி நின்றுகொண்டிருந்தான். அவள் மேடைக்கு எதிரில் விட்டுவிட்டு வந்த செருப்பு இரண்டும் அவன் கையில் இருந்தன. எவ்வளவு நேரமாக நிற்கிறான் என்று கேட்க வேண்டியிருக்கவில்லை, முகத்திலேயே தெரிந்தது. செருப்பை வாசலில் ஜோடியாக வைத்துவிட்டுப் போய்விட்டான்.

கடப்பாரையை அவன் எடுக்கவில்லை. அதற்காக அவனை நான் மன்னிக்கவும் இல்லை. உண்மையைத் தெரிந்துகொண்ட பிறகும் டிரிப்புக்குப் போகும்போது அங்கே சூடம் ஏற்றுகிறான், பார்த்திருக்கிறேன். அன்றைக்குத் தோளில் இருந்த கை யாருடையது என்று அவன் யோசிக்கிறானோ என்னவோ. நாங்கள் பேசிக்கொள்வதில்லை. பள்ளிக் கட்டடம் வேறு ஊருக்குப் போய்விட்டது. புறம்போக்கு வரைபடத்தில் இன்னும் ஊதாவாகவே இருக்கிறது. டிரெய்லர்கள் நிற்கின்றன.

ஜூன் மாதம் என் மகள் வீட்டில் உட்கார மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். ரோட்டைத் தாண்டிப் போய்ச் சேர்ந்தாள். அவளைப் பார்த்து இன்னும் ஏழு பெண்கள் கிளம்பினார்கள். முதல் நாள் காலையில் நான் ரோட்டோரம் போய் நின்றபோது, ஒரு டிரெய்லர் மெதுவாக வந்து ரோட்டுக்குக் குறுக்கே அப்படியே நின்றது. பின்னால் வண்டிகள் ஹாரன் அடித்தன, கெட்ட வார்த்தையில் திட்டினார்கள். ஒருவன் இறங்கி வந்து டிரைவரின் சட்டையைப் பிடித்து இழுத்து ஓங்கி அறைந்தான். அறை வாங்கிக்கொண்டு என் தம்பி ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தான். எட்டுப் பெண்களும் கடந்து முடித்த பிறகுதான் வண்டியை எடுத்தான். ஊரில் இருக்கிற நாளெல்லாம் இப்படிச் செய்கிறான். என் பக்கம் திரும்புவதில்லை.

அவன் நெல்லூர் லோடு போகிற நாட்களில் நான் இறங்குகிறேன். வலது கையைத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு நடுவில் போய் நிற்கிறேன், மடங்காத இரண்டு விரல் தனியாக விறைத்துக்கொண்டு நிற்க. வடக்கேயிருந்து லாரிகள் வருகின்றன. இப்போதெல்லாம் இந்தப் பக்கத்து வண்டிகள் எல்லாவற்றிலும் முன் கண்ணாடியில் யார்டம்மா படம் ஒட்டியிருக்கிறார்கள். தகரக் கூரைக்குக் கீழே சூலத்தோடு, குங்குமத்தோடு, நான் மஞ்சள் பூசிய கல் என் மேல் ஏறுகிற மாதிரி வருகிறது. எனக்குப் பின்னால் எட்டுப் பெண்கள் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். "நிறுத்துடா!" என்று தொண்டை கிழியக் கத்துகிறேன்.

சில பேர் நிறுத்துகிறார்கள்.